மெட்ரோ கோயம்பேடு வந்தது, நம்ம பஸ் கிளாம்பாக்கம் போனது

நேயர்களுக்கு வணக்கம். சென்னை மெட்ரோவைப் பற்றிப் பேசச் சொல்லி வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது, காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு அதைப் பேசி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் பாருங்கள், நம்ம பக்கம் எந்த வீட்டை எடுத்தாலும் மகனோ மகளோ மெட்ராஸில் இருக்கிறார்கள். கல்யாணம், ஆஸ்பத்திரி, பேரப்பிள்ளைக்குப் புதுமை விசேஷம் என்று போய்வந்துகொண்டேதான் இருக்கிறோம். போனால் இறங்கியதும் ஆட்டோக்காரரிடம் பேரம். அதனால் இந்த ரயில் எப்படி வந்தது, எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துவைத்துக்கொள்வது நமக்கும் நல்லதுதான்.

சென்னைக்கு நகர ரயில் புதுசு இல்லை. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜில் மின்சார ரயில் 1931-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. அதற்கப்புறம் வந்தது பறக்கும் ரயில். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் 1995-இல், மயிலாப்பூர் 1997-இல், திருவான்மியூர் 2004-இல், வேளச்சேரி 2007-இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், இருபது கிலோமீட்டர் கூட இல்லாத ஒரு பாதைக்குத் திறப்பு விழா மட்டுமே பன்னிரண்டு வருஷமாக நடந்திருக்கிறது. அந்த ரயில் ஏன் பெரிதாக எடுபடவில்லை என்றால், பக்கிங்காம் கால்வாயை ஒட்டித் தூண் எழுப்பினார்கள், நிலம் சுலபமாகக் கிடைத்தது, ஆனால் ஜனங்கள் போய்வருவது அண்ணா சாலையில். நிலையத்தை விட்டு இறங்கினால் மறுபடி ஒரு பஸ் பிடிக்க வேண்டும்.

மெட்ரோக்காரர்கள் அந்தத் தப்பைச் செய்யவில்லை. 2007 டிசம்பரில் மெட்ரோ நிறுவனம் பதிவானது, 2009 ஜனவரியில் மத்திய அரசின் ஒப்புதல், அதே ஜூனில் வேலை தொடக்கம். திட்ட அறிக்கை தயாரித்தது டெல்லி மெட்ரோ, பணத்தில் பெரும்பகுதி ஜப்பான் கடன். இரண்டு பாதைகள், சேர்த்து 45 கிலோமீட்டர். இரண்டும் கூட்டம் இருக்கிற சாலைகளின் மேலேயோ அடியிலேயோதான் போகின்றன. இது சரியான முடிவு, ஆனால் இதற்குத்தான் வருஷங்களைக் கொடுக்க வேண்டியிருந்தது.

நீலப் பாதையை முதலில் பார்ப்போம். விமான நிலையத்தில் ஆரம்பித்து மீனம்பாக்கம், நங்கநல்லூர் ரோடு, ஆலந்தூர், கிண்டி, சின்னமலை வரை மேம்பாலத்தில் வருகிறது. சின்னமலை தாண்டியதும் சரிந்து தரைக்குள் இறங்கி, சைதாப்பேட்டையிலிருந்து அண்ணா சாலைக்கு அடியிலேயே நந்தனம், தேனாம்பேட்டை, டிஎம்எஸ், ஆயிரம் விளக்கு, எல்ஐசி, அரசினர் தோட்டம் என்று சென்ட்ரல் வரை. அங்கிருந்து உயர் நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை. 2021 பிப்ரவரியில் வடக்கே விம்கோ நகர் வரை இன்னும் 9 கிலோமீட்டர் நீண்டது, தண்டையார்பேட்டை தாண்டியதும் மறுபடி மேலே ஏறிவிடும்.

இந்தப் பாதையில் நம்ம ஊர்க்காரர்கள் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது தெரியுமா? எல்ஐசி நிலையத்தில் மேலே வந்து நின்றால் அந்த உயரமான கட்டடம். அதைக் கட்டத் தொடங்கியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார், தன்னுடைய இன்சூரன்ஸ் கம்பெனிக்காக. 1954-இல் விமான விபத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், 1956-இல் ஆயுள் காப்பீடு அரசுடைமையானது, 1959-இல் கட்டடம் திறந்தபோது அது எல்ஐசி. அதே சாலையில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அவர் தொடங்கியதுதான். 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவு திறந்த வங்கி. உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கினால் ராஜா அண்ணாமலை மன்றம் நடக்கிற தூரம். மண்ணடியில் இறங்கினால் பவழக்காரத் தெரு, நம்ம செட்டிமார் தொழில் நடத்திய தெரு, நம்ம பெரியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

சரி, அண்ணா சாலைக்கு அடியில் தோண்டியது எப்படி? ராட்சத இயந்திரம் ஒன்று முன்பக்கச் சக்கரத்தைச் சுழற்றி மண்ணை அறுத்துக்கொண்டே போகும், பின்னாலேயே கான்கிரீட் வளையங்களைப் பொருத்திக்கொண்டு போவார்கள். போக ஒரு சுரங்கம், வர ஒரு சுரங்கம். மண் முழுக்கக் களிமண்ணாக இருந்தாலும் சமாளிக்கலாம், முழுக்கப் பாறையாக இருந்தாலும் சமாளிக்கலாம். சென்னையில் சக்கரத்தின் கீழ்ப்பாதி பாறையில் மோதும், மேல்பாதி மணலில் நிற்கும். பாறையை அறுக்க அழுத்தினால் மேலே இருக்கிற மணல் சரியும். 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில் சர்ச் பார்க் பள்ளி பக்கத்தில் ரோடு உள்வாங்கி, 25ஜி மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கியது ஞாபகம் இருக்கும், டிவியில் எல்லோரும் பார்த்தோம். நல்லவேளை உயிர்ச்சேதம் இல்லை. நடுவில் ஒப்பந்தக்காரர் ஒருவர் வேலையைப் பாதியில் விட்டுப்போய், வேறு ஆளைப் பிடிக்கவும் காலம் ஓடியது. வேலை தொடங்கிய 2009-இலிருந்து, வண்ணாரப்பேட்டை வரை முழுதாக ரயில் ஓடிய 2019 பிப்ரவரி வரை பத்து வருஷம்.

இப்போது பச்சைப் பாதை. நமக்கு வேண்டியது இதுதான். சென்ட்ரலில் தொடங்கி எழும்பூர், நேரு பூங்கா, கீழ்ப்பாக்கம், பச்சையப்பன் கல்லூரி, ஷெனாய் நகர், அண்ணா நகர், திருமங்கலம் வரை தரைக்கடியில். கோயம்பேட்டில் மேலே வந்து, புறநகர் பேருந்து நிலையம், அரும்பாக்கம், வடபழனி, அசோக் நகர், ஈக்காட்டுத்தாங்கல், ஆலந்தூர், பரங்கிமலை. முதன்முதலில் ரயில் ஓடியது இந்தப் பாதையில்தான், 2015 ஜூன் 29, கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை 10 கிலோமீட்டர். நூறடி ரோடு அகலமாக இருந்ததால் தூண் வைப்பது சுலபம், அதனால் அது முந்திக்கொண்டது. அன்றைக்கு அந்தப் பத்துக் கிலோமீட்டருக்கு 40 ரூபாய் டிக்கெட், ஜனங்கள் முணுமுணுத்தார்கள். 2021-இல் குறைத்தபிறகு எவ்வளவு தூரம் போனாலும் 50 ரூபாய்க்கு மேல் இல்லை, ஆரம்பம் 10 ரூபாய்.

வடபழனி பற்றி ஒரு வார்த்தை. நம்ம காரைக்குடி பக்கத்துத் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஏவி. மெய்யப்பச் செட்டியார் 1948-இல் ஸ்டுடியோவை மாற்றிக்கொண்டு போனது அந்தப் பக்கம்தான்.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். இந்தத் திட்டத்தைப் போட்டவர்கள் வெளியூர்க்காரர்களை மறக்கவில்லை. விமானத்தில் வந்தால் விமான நிலையம், ரயிலில் வந்தால் எழும்பூரும் சென்ட்ரலும், பஸ்ஸில் வந்தால் கோயம்பேடு, மூன்றிலும் மெட்ரோ. பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்து எழும்பூரில் இறங்கி, பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கமாக வந்தால் மெட்ரோ வாசல், அது இன்றைக்கும் கச்சிதமாக வேலை செய்கிறது. ஆனால் பஸ்? 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் முனையத்தைத் திறந்தார்கள், தெற்கே இருந்து போகும் வண்டிகளெல்லாம் வண்டலூர் தாண்டி ஊருக்குள் வருவதில்லை. கோயம்பேட்டில் பேருந்து நிலையத்துக்கென்றே கட்டிய மெட்ரோ நிலையம் நிற்கிறது, நம்ம காரைக்குடி பஸ் அங்கே இல்லை. முகப்பு கட்டி முடித்து நிலைக்கதவும் வைத்த பிறகு தெரு பின்கட்டுப் பக்கம் போய்விட்ட மாதிரி. நெரிசலைக் குறைக்கத்தான் மாற்றினார்கள், அதில் நியாயம் உண்டு. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும் நீட்டிப்புக்கும் திட்டம் போட்டிருக்கிறார்கள். முதலில் ரயில், அப்புறம் பேருந்து நிலையம் என்று வரிசையை மாற்றியிருந்தால், விடியற்காலையில் பெட்டி படுக்கையோடு இறங்கும் ஆச்சிமார்களுக்கு இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது.

இரண்டாம் கட்டம் இன்னும் பெரிது, மூன்று பாதைகள், 118.9 கிலோமீட்டர். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி. கடைசியாகச் சொன்னது வடபழனி வழியாகப் போகிறது. இந்தக் கட்டத்து ரயில்களில் ஓட்டுநரே கிடையாது.

அதுவரைக்கும் என்ன செய்யலாம்? கிளாம்பாக்கத்தில் இறங்கினால் மாநகரப் பேருந்தில் விமான நிலையம் வந்து நீலப் பாதையைப் பிடியுங்கள், இல்லை தாம்பரம் வந்து மின்சார ரயிலில் பரங்கிமலையோ கிண்டியோ போய் மாறுங்கள். இரண்டு இடத்திலும் மெட்ரோ பக்கத்திலேயே இருக்கிறது. வடபழனி, அண்ணா நகர் போகிறவர்களுக்குப் பரங்கிமலை, தி.நகர் போகிறவர்களுக்கு மெட்ரோவே வேண்டாம், மின்சார ரயிலில் மாம்பலம் போதும். உள்ளே போகும்போது பையை இயந்திரத்தில் விடச் சொல்வார்கள், பலகாரத் தூக்கை நிமிர்த்தி வையுங்கள், சாய்ந்தால் எண்ணெய் கொட்டும். ஆலந்தூரில் இரண்டு பாதையும் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும், பலகையைப் படித்துவிட்டு ஏறுங்கள், கேட்டால் அங்கே நிற்கிற ஊழியர்கள் சொல்வார்கள். தரைக்கடி நிலையங்களில் தண்டவாளத்தை மறைத்துக் கண்ணாடிக் கதவு உண்டு, மேலே இருக்கிற நிலையங்களில் கிடையாது, பேரப்பிள்ளைகளை அங்கே கையைப் பிடித்து நிறுத்திக்கொள்ளுங்கள். வருகிறேன், வணக்கம்.