கிணற்றடியை யார் மொழிபெயர்ப்பது?

அவையோருக்கு வணக்கம்.

கனடா வாழ்க்கையைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்கள் முதலில் குளிரைத்தான் சொல்வார்கள். குளிருக்குத் தடித்த கோட்டு கடையில் கிடைக்கிறது. மற்றதற்குத்தான் கடை இல்லை.

அந்த 'மற்றதை' மானிடவியலாளர் கலெர்வோ ஓபர்க் 1960இல் பண்பாட்டு அதிர்ச்சி என்று விளக்கினார். எப்போது கைகொடுப்பது, யாரிடம் என்ன பேசுவது என்று ஊரில் யோசிக்காமலே செய்ததெல்லாம் ஒரே நாளில் செல்லாக்காசாகும் பதற்றம் அது. ஓபர்க்கே பின்லாந்துக் குடியேறிகளின் பிள்ளை. வீட்டிலேயே பார்த்திருப்பார் என்பது என் ஊகம்.

நான் பார்த்ததும் வீட்டில்தான். ஸ்கார்பரோவில் எனக்கு ஒன்பது வயது. அம்மா வேலைக்குப் போய்விடுவார். அம்மம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போய் மொழிபெயர்ப்பது என் பொறுப்பு. "நன்றாகத் தூங்குகிறாரா?" என்று கேட்டார் மருத்துவர்.

"நித்திரை எங்கே பிள்ளை வருகிறது? கண்ணை மூடினால் கிணற்றடி தெரிகிறது. துலாவில் யாரோ தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்கிறது. எழும்பிப் பார்த்தால் ஹீட்டர் உறுமுகிறது" என்றார் அம்மம்மா.

நான் மருத்துவரிடம், "இல்லையாம்" என்றேன். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

துலாவுக்கு எனக்கு ஆங்கிலம் தெரியாது. அம்மம்மாவின் குரல் உடைந்ததில் வெட்கம் வேறு. வீட்டில் யார் பெரியவர் என்பதே குழம்பிப்போன காலம் அது. பள்ளிக்கூடக் கடிதங்களையும் நான்தான் வாசித்துச் சொல்வேன், எனக்குப் பாதகமான வரிகளைத் தாண்டிவிட்டு.

கிங்ஸ்டனிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜான் பெர்ரி இரண்டு கேள்விகளை வைத்தார்: சொந்தப் பண்பாட்டைக் காக்கிறீர்களா, புதிய சமூகத்தோடு பழகுகிறீர்களா? இரண்டும் உண்டென்றால் ஒருங்கிணைவு. முதலாவதை விட்டால் கரைந்துபோதல், இரண்டாவதை விட்டால் ஒதுங்கி வாழ்தல், இரண்டும் இல்லையென்றால் விளிம்பில் நிற்பது. இதை மேடைக்கு மேடை சொல்கிறோம். வந்த இடத்துச் சமூகமும் இடம் கொடுத்தால்தான் ஒருங்கிணைவு நடக்கும் என்று அவர் சொன்னதை மட்டும் விட்டுவிடுகிறோம். கனடா பன்முகப் பண்பாட்டை 1971இல் கொள்கையாக அறிவித்து, 1988இல் சட்டமாக்கியது. அம்மம்மாவுக்கு அந்தச் சட்டம் தெரியாது; பஸ் ஓட்டுநரைத் தெரியும்.

இறங்கும்போது அவருக்கு 'தேங்க்யூ' சொல்ல வேண்டும் என்பதை அம்மம்மா மற்றவர்களைப் பார்த்தே பிடித்துக்கொண்டார். ஒருநாள் ஓட்டுநர் பதிலுக்கு, "வானக்கம்" என்றார். அம்மம்மா இறங்கவில்லை. படியிலேயே நின்று, "வணக்கம். ண, ண" என்று நாக்கை மடித்துக் காட்டினார். பின்னால் நான்கு பேர் காத்து நின்றார்கள். அவர் சரியாகச் சொல்லும்வரை பஸ் நகரவில்லை.