மயிலிட்டியில் காணியைத் தேடுவது

அவையோருக்கு வணக்கம். யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கு மக்கள் 1990 யூனில் போரால் ஊரைவிட்டு வெளிக்கிட்டார்கள். 2017 யூலை 3ஆம் திகதி அங்குள்ள மயிலிட்டித் துறைமுகம் உட்பட, இராணுவம் வைத்திருந்த 54 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. எங்கள் ஊர் அளவில், ஏக்கருக்கு 16 பரப்பு என்றால் 864 பரப்பு. விடுவிப்பு என்றால் முள்ளுக்கம்பி விலகிற்று என்றுதான் பொருள். உங்கள் காணி எது என்பதை அது சொல்லாது.

வேலியில்லை, ஒழுங்கையில்லை, எல்லைக் கல்லுமில்லை. பழைய உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, எடுத்துப் பார்த்தால் கிழக்கும் வடக்கும் அந்நாளைய அயலவரின் பெயரால்தான் எழுதியிருக்கும். அந்த அயலவரோ இன்று கனடாவிலோ மண்ணுக்குள்ளோ! ஆகவே முதலில் கிணற்றைத் தேடுங்கள். வீடு இடிந்தாலும் கிணறு இடம் மாறாது. அதிலும் ஒரு சிக்கல்: பல உறுதிகளில் "கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்" என்றிருக்கும். ஒரே கிணற்றுக்கு நாலு குடும்பம் பங்காளிகள். அங்கிருந்துதான் நில அளவையாளர் சங்கிலி பிடிக்கவேண்டும், நாலு பேரையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டு. முந்தி வந்தவர் ஞாபகத்தை நம்பி வேலி போட்டுவிட்டால் அவருடைய ஐந்தடிப் பிழை ஒழுங்கையின் கடைசிக் காணிவரை நகரும். பிறகு வழக்குத்தான்.

உறுதி தொலைந்திருந்தால் உறுதி எண்ணும் அதை எழுதிய நொத்தாரிசின் பெயரும் கொண்டு காணிப் பதிவகத்தில் பிரதி கேளுங்கள்.

கிணற்றுக்குள் யாரும் உடனே இறங்கவேண்டாம். கண்ணிவெடி அகற்றுவோர் பார்க்கவேண்டும். பாழ்கிணற்றின் அடியில் மூச்சுக்காற்றும் இராது. இறைப்பது சிறிய பம்பால், விட்டு விட்டு. இது சுண்ணாம்புக்கல் நிலம், பக்கத்தில் கடல். அவசரப்பட்டு இறைத்தால் உவர் மேலேறும்.

சீதனக் காணி பெண் பெயரில் இருந்தாலும், யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமாகிய தேசவழமையின் கீழ் அதை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும். கணவன் காணாமற் போயிருந்தால்? 2016இன் சட்டத் திருத்தத்தால் காணாமற்போனமைச் சான்றிதழ் பெறலாம். ஆனால் அந்தத் துண்டு சம்மதக் கையெழுத்தாகாது. விற்பனைக்கு மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை வேறாகக் கேட்கவேண்டும். இது தெரியாமல் முற்பணம் வாங்கிவிட்டு மாட்டுப்படுகிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து அற்றோர்ணித் தத்துவம், அதாவது தம் சார்பில் இன்னொருவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம், அனுப்புவோர் "என் காணிகள் எல்லாம்" என்று எழுதாமல் காணியின் பெயரையும் பரப்பளவையும் குறித்தே எழுதுங்கள்.