ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த அரங்கில் இருக்கும் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல், என்னையும் சேர்த்துத்தான், உடம்பில் ஒரு வைரஸைச் சுமந்துகொண்டிருக்கிறோம். எப்ஸ்டீன்-பார் என்று பெயர். 1964-இல், உகாண்டாக் குழந்தைகளின் தாடையில் வரும் பர்கிட் என்ற புற்றுக்கட்டியை லண்டனில் ஆராய்ந்தபோது அகப்பட்டது. மனிதருக்குப் புற்றுநோய் தரும் வைரஸ்களில் முதலில் தெரியவந்தது இதுதான்.

அப்படியென்றால் நமக்கெல்லாம் ஏன் கட்டி வரவில்லை? காவலுக்கு டி செல் என்ற வெள்ளணு இருக்கிறது, அதனால்தான்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போமே, டி செல்லின் வேலை அப்படியே அதுதான். நம் செல்கள் உள்ளே உண்டாகும் புரதங்களைத் துண்டு துண்டாக்கி, ஒன்பது அமினோ அமிலம் அளவுள்ள துணுக்கைத் தம் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகின்றன. டி செல் தடவிப் பார்க்கிறது. நம்முடைய துணுக்கா, நகர்ந்துவிடும். வைரஸின் துணுக்கா, அங்கேயே ஒட்டி நின்று, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் அந்தச் செல்லில் ஓட்டை போடும்; கிரான்சைம் என்ற நொதி உள்ளே போகும்; செல் தானாக மடியும்.

கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பாருங்கள். அதை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸின் ஈ6, ஈ7 என்ற இரண்டு புரதங்களால்தான் அந்தச் செல் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. அவற்றை விட்டால் அதற்குப் பிழைப்பில்லை. வைத்திருந்தாலோ டி செல் கண்டுபிடித்துவிடும். ஆகவே ஒளிக்கப் பார்க்கிறது: துணுக்கை ஏந்தும் தட்டு மேலே வராதபடி ஈ5 என்ற இன்னொரு புரதம் உள்ளேயே பிடித்துவைக்கிறது. எச்.ஐ.வி.யால் டி செல் குறைந்த பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். காவல் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவர்களுக்கும் கொஞ்ச காலம் காவல் இருக்காது. அப்போது எப்ஸ்டீன்-பார் வைரஸ் ரத்தத்தின் பி செல்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்களைப் பெருக்கி, விரைவிலேயே நிணநீர்க் கட்டியாக்கிவிடும். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனை மருத்துவர்கள், அப்படிக் கட்டி வந்த ஐந்து பேருக்கு, மஜ்ஜை கொடுத்தவரின் வெள்ளணுக்களையே ஏற்றினார்கள். கொடையாளியின் டி செல்லுக்கு இந்த வைரஸ் பழைய பகையாளி அல்லவா! சில வாரங்களில் ஐவருக்கும் கட்டி கரைந்தது. 1994-இல் வெளியான செய்தி இது. இருவர் மூச்சுத் திணறி இறந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். வந்த டி செல்கள் நோயாளியின் உடம்பையே தாக்கும் ஆபத்தும் இருந்தது.

அதனால் அந்த வைரஸை மட்டும் அறிந்த டி செல்களைப் பிரித்து வளர்த்தார்கள். முன்பின் தெரியாத கொடையாளிகளிடம் பெற்று, உறையவைத்து, பொருத்தம் பார்த்துக் கொடுக்கிறார்கள். 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அதை மருந்தாகவே அனுமதித்தது. யாரோ ஒருவர் தம் உடம்பில் பல ஆண்டு காவல் காத்த செல், இன்று இன்னொருவர் படுக்கையருகே குப்பியில் வந்து நிற்கிறது.