விண்ணுக்கு ஒரு பீரங்கி

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

இயக்கவியல் கற்பித்த முப்பது ஆண்டுகளில், ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் நான் தவறாமல் கேட்டு வந்த கேள்வி ஒன்று உண்டு. வேண்டிய அளவு வலிமையுள்ள ஒரு பீரங்கியைத் தரையில் நிறுத்தி, வானை நோக்கிச் சாய்த்துச் சுட்டால், அதிலிருந்து கிளம்பும் குண்டு செயற்கைக்கோளைப் போலப் பூமியைச் சுற்றத் தொடங்குமா என்பதே அந்தக் கேள்வி. மாணவர்களில் பெரும்பாலோர் சுற்றும் என்றுதான் சொல்வார்கள். வேகம் போதுமானதாக இருக்கும்போது ஏன் சுற்றாது என்று என்னையே மடக்குவார்கள். அந்த ஒரு கேள்வியைப் பற்றிக்கொண்டு இத்தனை ஆண்டுகள் ஓடியதில், பீரங்கியால் விண்வெளியை எட்டும் முயற்சிகளின் கதை எனக்கு ஒரு தீராத ஆசையாகவே ஆகிவிட்டது. இன்றைய பொழுதில் அந்தக் கதையைத்தான் உங்களுடன் பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். சுற்றாது. காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் சுற்றாது. பூமியைச் சுற்றும் எந்தப் பொருளும், இடையில் வேறெதுவும் அதைத் தள்ளாத வரையில், ஒரு முழுச் சுற்று முடிந்ததும் புறப்பட்ட புள்ளிக்கே வந்து சேரும். பீரங்கிக் குண்டு புறப்பட்ட புள்ளியோ தரையில் இருக்கிறது. சாய்வாக மேலெழுந்த பாதை அந்தப் புள்ளிக்குத் திரும்பி வர வேண்டுமானால், வருவதற்குச் சற்று முன்னர் தரைக்கு அடியில் இருந்தாக வேண்டும். அதாவது, சுற்று முடிவதற்குள் குண்டு தரையில் மோதிவிடும். வேகத்தை இன்னும் கூட்டினால், பூமியை விட்டே விலகிப் போய்விடும், அவ்வளவுதான். திரும்பி வந்து மோதும், இல்லையேல் திரும்பாமலே போகும். இரண்டுக்கும் இடையில், நிலையாகச் சுற்றும் ஒரு வழி தரையில் நிற்கும் பீரங்கிக்குக் கிடையாது. காரணம், பீரங்கி ஒரு முறைதான் தள்ளும். இந்தச் சொற்றொடரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த உரையில் நான் இதைப் பலமுறை சொல்லப்போகிறேன்.

அப்படியானால் நியூட்டன் சொன்னது தவறா என்று சிலர் கேட்கலாம். அவர் இறந்த மறு ஆண்டான 1728இல் வெளிவந்த நூலில், மிக உயர்ந்த மலையின் உச்சியிலிருந்து கிடைமட்டமாகப் பொருள்களை எறிவதாக ஒரு கற்பனைச் சோதனை வருகிறது. வேகம் கூடக் கூட அவை மேலும் மேலும் தொலைவில் சென்று விழுகின்றன. ஒரு கட்டத்தில் விழுவதும் பூமி வளைவதும் சமமாகிவிட, எறிந்த பொருள் விழாமலே சுற்றி வருகிறது. இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அந்த மலை, காற்றின் தடை எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். எறிவதும் சாய்வாக அல்லாமல் கிடைமட்டமாக இருக்க வேண்டும். சுற்றி வரும் குண்டு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் சுட்டவரின் முதுகுப் பக்கமாக வந்து சேரும் என்பதால், அதற்குள் அவர் பீரங்கியை ஒதுக்கி வைத்துவிட்டு விலகி நிற்பது நல்லது என்று வகுப்பில் நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இவ்வளவு தடை இருந்தும் அறிவாளிகள் பலர் இந்த எண்ணத்தை ஏன் விடவில்லை என்பதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. தாழ்வான சுற்றுப்பாதையில் ஒரு பொருள் நொடிக்கு 7.8 கிலோமீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள பொருளுக்கு அந்த வேகத்தைக் கொடுக்கத் தேவையான ஆற்றல் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் கிடைக்கும் ஆற்றல், அவ்வளவே. அப்படியிருக்க, ஏவுதளத்தில் நிற்கும் ராக்கெட்டின் மொத்த எடையில் நூற்றில் மூன்று நான்கு பங்கு மட்டுமே சுற்றுப்பாதையைச் சென்றடைகிறது என்றால், மீதி எங்கே போகிறது? பிறகு எரிக்கவேண்டிய எரிபொருளைத் தூக்குவதற்கு முதலில் எரிபொருள் எரிகிறது. அந்த எரிபொருளைத் தூக்குவதற்கு மேலும் எரிபொருள் வேண்டியிருக்கிறது. ராக்கெட் தன் அடுப்பையும் விறகையும் தலையில் சுமந்துகொண்டு மலையேறும் வழிப்போக்கனைப் போன்றது. பீரங்கியோ அடுப்பையும் விறகையும் அடிவாரத்திலேயே விட்டுவிடுகிறது. அந்தக் கவர்ச்சி எளிதில் விடாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த கதைக்கு வருகிறேன். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1960களின் தொடக்கத்தில் ஜெரால்ட் புல் என்ற இளம் பொறியாளர் இருந்தார். அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வுக்கூடம் ஒன்றின் துணையோடு, அமெரிக்கக் கடற்படை பழையதென்று ஒதுக்கிய 16 அங்குலப் பீரங்கி ஒன்றை அவர் பெற்றார். போர்க்கப்பலில் இருந்துகொண்டு பகைவர்மீது ஒரு டன் எடைக் குண்டுகளை வீசுவதற்கென்று வார்க்கப்பட்ட, நூறு டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள எஃகுக் குழல் அது. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படோஸுக்குக் கப்பலில் கொண்டுசெல்லப்பட்டு, கடலைப் பார்த்தபடி ஏறக்குறைய செங்குத்தாக அது நிறுத்தப்பட்டது. சுட்டது கடலில்தான் விழும் என்பது அந்த இடத்தின் ஒரு நன்மை.

அந்தக் குழலுக்குச் செய்த முதல் சிகிச்சை, உட்புறத்தில் இருந்த திருகுவரிகளைக் கடைந்து நீக்கியதாகும். போர்க்குண்டு சுழன்றுகொண்டே போக வேண்டும் என்பதற்காக வெட்டப்பட்ட வரிகள் அவை. விண்ணுக்குப் போகும் எறிகணைக்கு அந்தச் சுழற்சி தேவையில்லை, வாலில் உள்ள சிறகுகளே அதை நேராக வைத்திருக்கும். அடுத்து அவர்கள் செய்ததுதான் என்னை எப்போதும் வியப்பில் ஆழ்த்துவது. எறிகணை ஒடுக்கமானது, உடல் விட்டம் 13 சென்டிமீட்டர்தான். குழலின் வாயோ 40 சென்டிமீட்டருக்கு மேல். நடுவில் உள்ள இடைவெளியை எதைக்கொண்டு நிரப்பினார்கள்? மரத்தைக்கொண்டு! ஒட்டுப்பலகையால் அடிப்பாகத்தையும் துண்டு துண்டான மரக்கட்டைகளால் உறையையும் செய்து, எறிகணையை அதற்குள் பொருத்திச் சுட்டார்கள். வெடிப்பின் முழு அழுத்தத்தையும் மரம் அகலமாக வாங்கி, ஒடுக்கமான எறிகணைக்குக் கொடுத்தது. குழலின் வாயை விட்டு வெளியேறிய கணத்திலேயே காற்று அந்தக் கட்டைகளைப் பிய்த்து எறிந்துவிட, மெல்லிய எறிகணை மட்டும் ஈட்டியைப் போல மேலே சென்றது. விண்வெளி ஆய்வில் தச்சர்களுக்கும் பங்கு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

ஒடுக்கமாக இருப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். நம் ஒவ்வொருவர் தலைமேலும், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு ஒரு கிலோ வீதம் காற்று நின்றுகொண்டிருக்கிறது. 13 சென்டிமீட்டர் விட்டமுள்ள அந்த எறிகணையின் தலைக்கு நேர்மேலே ஏறத்தாழ 130 கிலோ காற்று இருந்தது. எறிகணையின் எடையோ 85 கிலோ அளவுதான். தன்னைவிடக் கனமான ஒரு காற்றுத் தூணைக் கிழித்துக்கொண்டுதான் அது மேலே போகவேண்டியிருந்தது. ஓடும் ரயிலின் சன்னலுக்கு வெளியே கையை நீட்டியவர்களுக்கு, விரித்த உள்ளங்கையைக் காற்று தள்ளுவதற்கும் கத்தி போலத் திருப்பிய கையைத் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு தெரியும். ராக்கெட் அடர்ந்த காற்றில் மெதுவாகத் தொடங்கி, காற்று மெலிந்த பிறகு வேகத்தைக் கூட்டுகிறது. பீரங்கிக்கு அந்த வசதி இல்லை. பீரங்கி ஒரு முறைதான் தள்ளும். அந்த ஒரு முறையும் காற்று எங்கே மிகவும் அடர்ந்திருக்கிறதோ அங்கேதான் தள்ளும். எரிகற்கள் எரிந்து ஒளிர்வது பல்லாயிரம் மடங்கு மெலிந்த காற்றில் என்பதை நினைத்துப் பார்த்தால், கடல்மட்டத்திலேயே சுற்றுப்பாதை வேகத்தைப் பெறும் குண்டு என்ன பாடுபடும் என்பது விளங்கும்.

பின்னர் இரண்டு குழல்களை முனையோடு முனை இணைத்து, ஏறத்தாழ 36 மீட்டர் நீளமுள்ள பீரங்கியை உருவாக்கினார்கள். அதே வகைப் பீரங்கி ஒன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் யூமா என்னும் இடத்திலும் நிறுவப்பட்டது. அங்கேதான் 1966 நவம்பர் 18 அன்று சுடப்பட்ட எறிகணை 180 கிலோமீட்டர் உயரத்தை எட்டியது. விண்வெளியின் எல்லை என்று பலரும் ஏற்கும் 100 கிலோமீட்டரைத் தாண்டி, மேலும் முக்கால் பங்குக்கு மேல்!

இந்தச் செய்தியைச் சொன்னவுடன், இன்னும் கொஞ்சம் முயன்றிருந்தால் செயற்கைக்கோளையே அனுப்பியிருக்கலாமே என்று கேட்காதவர் இல்லை. உயரம் வேறு, சுற்றுப்பாதை வேறு. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. அந்த எறிகணை பீரங்கியை விட்டு நொடிக்கு ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர் வேகத்தில் புறப்பட்டது. சுற்றுப்பாதைக்கு வேண்டியது 7.8. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், தேவையான இயக்க ஆற்றலில் நூற்றில் ஏழு பங்குதான் அதனிடம் இருந்தது. மேலே போயிற்று, கீழே விழுந்தது. மேல்வளிமண்டலக் காற்றின் போக்கை அளக்க அது மிகவும் உதவியது என்பது உண்மை. எறிகணைகள் உயரத்தில் வேதிப்பொருளை வெளியிட, ஒளிரும் அந்தத் தடம் எப்படி நகர்கிறது என்பதைத் தரையிலிருந்து படம் பிடித்து அளந்தார்கள்.

அப்படியானால் எஞ்சிய வேகத்தை எறிகணைக்குள்ளேயே வைத்த ராக்கெட்டுகள் கொடுக்கட்டும் என்பதுதான் புல்லின் திட்டம். என் எண்ணத்திலும் பீரங்கிக்குரிய உண்மையான இடம் அதுவே. ராக்கெட்டை ஒழிப்பதற்கன்று, ராக்கெட்டின் முதல் அடுக்குக்கு மாற்றாக நிற்பதற்கு. நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் புகையைக் கக்கும் ராக்கெட், இழப்புகளையும் சேர்த்து 9 கிலோமீட்டர் வேகத்தைத் தானே பெற வேண்டுமானால், புறப்படும் எடையில் இருபதில் ஒரு பங்குதான் எஞ்சும். முதல் 2 கிலோமீட்டர் வேகத்தைப் பீரங்கி கொடுத்துவிட்டால், எஞ்சுவது பத்தில் ஒரு பங்காகிறது. ஏறத்தாழ இரட்டிப்பு. மேலும், தரையைவிட்டுப் போன பிறகு இரண்டாவது முறை தள்ளுவதற்கு ஒன்று இருப்பதால், நான் தொடக்கத்தில் சொன்ன அந்த மோதலும் தவிர்க்கப்படுகிறது.

ஆனால் உள்ளே இருப்பது அந்த அடியைத் தாங்க வேண்டுமே! நின்ற பேருந்து வெடுக்கென்று கிளம்பும்போது நாம் பின்னால் சாய்கிறோம். அங்கே முடுக்கம், புவியீர்ப்பின் ஒரு சிறு பங்குதான். 36 மீட்டர் குழலுக்குள் நொடிக்கு 2.1 கிலோமீட்டர் வேகத்தை அடைந்த எறிகணை, குழலுக்குள் இருந்த நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் அதற்குள் இருந்த ஒவ்வொரு பொருளும் சராசரியாகத் தன் எடையைப்போல் ஆறாயிரம் மடங்கு கனத்தது. உச்சத்தில் அதற்கும் மேலே. பத்துக் கிராம் எடையுள்ள திருகாணி அறுபது கிலோ மனிதனாகிவிடுகிறது. அதனால்தான் மின்சுற்றுகளை வெறுமனே திருகி வைக்காமல், பிசினை ஊற்றி இறுகச் செய்து, இடைவெளியே இல்லாத ஒரே கல்லைப் போல ஆக்கினார்கள். அசைவதற்கு இடம் இருந்தால்தானே உடைவதற்கு வழி ஏற்படும்!

இதில் ஒரு கிளைக்கதை. பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டைகளைக் கண்டறிந்த ஜேம்ஸ் வான் ஆலன், இரண்டாம் உலகப் போரின்போது பார்த்த வேலை என்ன தெரியுமா? பீரங்கிக் குண்டின் மூக்கில் வைக்கும் வானொலிக் கருவிக்குரிய கண்ணாடி வால்வுகள் சுடும்போது உடையாமல் இருக்கச் செய்வது. ஆம், பழைய வானொலிப் பெட்டிகளில் இளஞ்சிவப்பாக ஒளிர்ந்த அதே இனத்து வால்வுகள், மிகச் சிறிய உருவில். கண்ணாடியே பீரங்கியில் பிழைத்தது. ஆகவே கருவிகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மனிதர்களைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்: புவியீர்ப்பின் நான்கு மடங்குக்கு மேல் போகாமல் சுற்றுப்பாதை வேகத்தைக் கொடுக்க வேண்டுமானால், குழலின் நீளம் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் இருக்க வேண்டும்.

புல்லின் திட்டத்துக்கு 1967இல் பணம் நின்றது. செயற்கைக்கோளைச் சுமக்கவிருந்த எறிகணை சுடப்படவே இல்லை. பின்னாளில் அவர் ஆயுத வணிகத்தில் இறங்கி, அமெரிக்காவில் சிறை சென்று, ஈராக் அரசுக்காக ஒரு மீட்டர் வாயும் 156 மீட்டர் நீளமும் உள்ள பீரங்கியை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, 1990 மார்ச் 22 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரில் தம் குடியிருப்பின் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர் யார் என்பது இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. பார்படோஸ் கடற்கரையில் அந்தக் குழல் துருப்பிடித்துக் கிடக்கிறது.

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் நண்பர், நேரம் முடியப்போகிறது என்று விரல்களைக் காட்டத் தொடங்கிவிட்டார். எனவே எஞ்சியவற்றை விரைவாகச் சொல்கிறேன். வெடிமருந்தை எவ்வளவு கூட்டினாலும், குண்டைத் தள்ளும் வாயுவே அதைத் துரத்திப் பிடிக்கும் வேகத்தில் விரிய வேண்டும். கனமான வாயுவுக்கு அது முடியாது. ஆகவே 1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் ஜான் ஹன்டர் என்பவர், மீத்தேனை எரித்து ஒரு டன் எடையுள்ள உந்துதண்டை ஓடவிட்டு, அதைக்கொண்டு மிக இலேசான ஹைட்ரஜனை நெருக்கி, 5 கிலோ எறிகணையை நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் சுட்டுக் காட்டினார். வெடிப்பே இல்லாமல், காற்று நீக்கிய பெரிய அறைக்குள் கவண் போலச் சுழற்றி எறியும் ஒரு கருவியை 2021இல் நியூ மெக்சிகோவில் சோதித்தார்கள். மின்காந்தப் பீரங்கியைப் பற்றித் தனியாகவே ஓர் உரை வேண்டும். அமெரிக்கக் கடற்படை பல ஆண்டுகள் முயன்று 2021இல் அதைக் கைவிட்டது என்பதை மட்டும் இப்போது சொல்கிறேன்.

நான் உண்மையில் பேச எண்ணி வந்தது நிலவைப் பற்றி. அங்கே கிழித்துச் செல்லக் காற்று இல்லை. சுற்றுப்பாதைக்கு நொடிக்கு 1.7 கிலோமீட்டர் வேகம் போதும். நிலவை விட்டே விலக 2.4 போதும். யூமாவின் பழைய பீரங்கி கொடுத்த வேகம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஜெரார்ட் ஓ'நீல் என்ற இயற்பியலாளர், நிலவின் மண்ணை மின்காந்தத்தால் வரிசையாகத் தள்ளி விண்வெளிக்கு அனுப்பும் கருவி ஒன்றின் சிறிய மாதிரியை 1970களிலேயே தம் நண்பர்களுடன் சேர்ந்து செய்து இயக்கிக் காட்டினார். அடி வாங்கினால் மண்ணுக்கு என்ன ஆகிவிடப்போகிறது? நேரம் முடிந்துவிட்டது. வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.