அயுத்தயாவைச் சாய்த்தது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 1767-இல் சியாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், தலைநகரான அயுத்தயா பர்மியரிடம் விழுந்ததற்குச் சியாம் அரண்மனையின் உட்பூசல்தான் காரணம் என்று எதிரணியினர் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார்கள். இல்லை, பர்மியரின் போர்த்திட்டமே காரணம் என்பது எங்கள் கட்சி.

அன்றைய சியாம் மன்னர் எக்கதாட்டைத் திறமைசாலி என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் 1760 முற்றுகையின்போதும் அரியணையில் இருந்தவர் அவர்தானே? அப்போது ஏன் நகரம் விழவில்லை? துறவு பூண்டிருந்த தம்பி உதும்போன் காவியைக் களைந்து வந்து காத்தார் என்றார்கள். வந்தார், மறுக்கவில்லை. ஆனால் பர்மிய மன்னர் அலோங்பயா மதிலடிக்கு வந்து சேர்ந்ததே ஏப்ரலில்! அடுத்த மாதமே மழை. மன்னரும் படுத்துவிட்டார்; பீரங்கி வெடித்த காயம் என்பது தாய்லாந்துத் தரப்பு, நோய் என்பது பர்மியத் தரப்பு. படை திரும்பிவிட்டது.

சாவோ பிரயா, லோப்புரி, பா சாக் என மூன்று ஆறுகள் சூழ்ந்த தீவு நகரம் அது. மழைக்காலக் கடைசியில் சுற்றுவட்ட வயலெல்லாம் ஏரியாகிவிடும். நெல்லை உள்ளே குவித்து, வாயிலை அடைத்து, வெள்ளம் வரும்வரை தாக்குப்பிடிப்பதுதான் சியாமின் பழைய உத்தி. நல்ல உத்திதான், எதிரி அதைப் படிக்காதவரை.

படித்தவர் சின்பியூஷின். 1760-இல் தந்தை அலோங்பயாவோடு அந்த மதிலடியில் நின்றவர், 1763-இல் பர்மிய மன்னரானார். இம்முறை வடக்கே சியாங் மாயிலிருந்து நெம்யோ திகபதே, மேற்கே தாவோயிலிருந்து மகா நவரதா என இரு தளபதிகளின் கீழ் இரண்டு படைகள். 1765-லேயே கிளம்பி, வழியிலுள்ள ஊர்களை முதலில் பிடித்தார்கள். உதவிப் படை வர இடமே இல்லை. 1766 தொடக்கத்தில் இரண்டும் நகரின் முன் கூடின.

மழை வந்தது. பின்வாங்கலாம் என்றார்கள் தளபதிகள். மகா நவரதா மறுத்தார். யானையும் குதிரையும் மேட்டுநிலத்துக்குப் போயின. கோயில் திடல்களிலும் மேடுகளிலும் அரண் கட்டினார்கள், படகுகள் செய்தார்கள். சியாம் நம்பியிருந்த வெள்ளம் வந்து வடிந்தது, எதிரி அங்கேயே இருந்தான்! உள்ளே பஞ்சம், போதாக்குறைக்குத் தீ விபத்து. கடைசியில் மதிலின் அடித்தளத்துக்குக் கீழே குடைந்து, விறகை அடுக்கிக் கொளுத்தினார்கள். 1767 ஏப்ரல் 7 அன்று மதில் சரிந்தது. மகா நவரதா அதற்குள் இறந்திருந்தார். தளபதி போயும் திட்டம் நிற்கவில்லை, கவனியுங்கள்.

அடுத்த சில மாதங்களில் சியாமியத் தளபதி தாக்சின் நகரை மீட்டாரே என்பார்கள். சீனப் படையெடுப்பைச் சமாளிக்கப் பர்மியர் பெரும்படையைத் திருப்பிக்கொண்டு, சிறு காவற்படையை விட்டுப் போயிருந்தார்கள். நகரம் விழுந்த காரணம் அதனால் மாறுமா?

1785-ஐயும் பாருங்கள். பர்மிய மன்னர் போதோபயா சியாம்மீது ஒன்பது படைகளை அனுப்பினார். மூன்று பகோடா கணவாய் வழியே வந்த பெரும்படையைச் சியாமியர் லாத் யாவில் மறித்து, பின்னால் வந்த அரிசியைச் சிறு குழுக்களை விட்டு மடக்கினார்கள். பசியோடு திரும்பினார்கள் பர்மியர். சியாம் அன்று ஒற்றுமையாக இருந்தது என்று எதிரணி சொல்லட்டும். அந்த ஒற்றுமை கைவைத்தது எதில்? பர்மியத் திட்டத்தின் ஓட்டையில், சோற்றில்!