இன்னாருடைய தம்பி

எல்லோருக்கும் வணக்கம். என்னை அறிமுகம் செய்த நண்பர் இரண்டு நிமிடம் பேசினார். அதில் ஒன்றே முக்கால் நிமிடம் என் அண்ணன் ஆடிய கபடி. கடைசியில் “அவருடைய தம்பிதான் இவர்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார், என் பெயரைச் சொல்லவே இல்லை. பரவாயில்லை, சிரியுங்கள். மண்டபம் ஊரில் ஐஸ் வண்டி ஓட்டுகிற எனக்கு இது முப்பது வருடப் பழக்கம். டீக்கடை நோட்டில்கூட “கபடிக்காரர் தம்பி, 45 ரூபாய்” என்றுதான் இருக்கும். பெயர் அவனுடையது, கடன் மட்டும் என்னுடையது.

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்கிறோம். யோசித்துப் பாருங்கள், அதிலும் அஞ்சாமல் இருப்பது அண்ணன்தான். அந்தத் தம்பிக்குப் பயம் உண்டா என்று யார் கேட்டார்கள்? பாம்பன் பாலம் தாண்டி இராமேசுவரம் கோயிலுக்குப் போகிற வழியில் இலட்சுமண தீர்த்தம் இருக்கிறது, நம்மில் எத்தனை பேர் இறங்கிப் பார்த்திருக்கிறோம்? பஸ் நேரே அண்ணன் ஊருக்குப் போய்விடுகிறது.

தம்பிதான் நிழலில் நிற்க வேண்டும் என்றும் இல்லை. கலாம் 1931-இல் பிறந்தவர், அவருடைய மூத்த அண்ணன் அவரைவிடப் பதினான்கு வயதுக்கு மேல் பெரியவர். தம்பி 2002-இல் குடியரசுத் தலைவராகி டெல்லியில் இருந்தபோதும் அண்ணன் இராமேசுவரத்துப் பள்ளிவாசல் தெரு வீட்டில்தான் இருந்தார். 2015 ஜூலையில் தம்பியைப் பேக்கரும்பில் அடக்கம் செய்தபோது அவர் நூறு வயதை நெருங்கிக்கொண்டிருந்தார், 2021 மார்ச்சில் 104 வயதில் காலமானார். அவ்வளவு நீண்ட வாழ்க்கை, அன்றைய செய்தித் தலைப்பிலும் “கலாமின் அண்ணன்” என்றுதானே படித்தோம்?

அப்புறம் அந்த அக்கா. சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாதபோது தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்ததைக் கலாமே எழுதியிருக்கிறார். நாம் உடனே தியாகம் என்று ஒரு சொல்லைப் போட்டு மூடிவிடுகிறோம். வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பிய அன்று ராத்திரி அவருக்கு எப்படி இருந்திருக்கும்? அதை யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது.

ஏனென்றால் நான் ஒன்றும் தியாகி இல்லை. அண்ணன் ஊர் ஊராக ஆடப் போனபோது நான் அப்பாவோடு கடலுக்குப் போனேன், வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான். விடியற்காலையில் கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து சூடை மீன் கழித்துக்கொண்டிருப்பேன். கை முழுக்கச் செதில். அப்போது பார்த்து யாராவது வந்து “அண்ணன் ஜெயிச்சிட்டானாமே!” என்பார்கள். சந்தோஷம்தான். வயிற்றெரிச்சலும்தான். இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்பதை வீட்டில் பேர்பெற்ற ஆள் ஒருத்தர் இருந்தால்தான் தெரியும்.

ஒருமுறை பரமக்குடியில் இறுதி ஆட்டம். அவன் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். தோற்றான். ராத்திரி வந்து என் பக்கத்தில் படுத்து, வீங்கிய முட்டியைக் காட்டி, “தைலம் தேய்டா” என்றான். வெகுநேரம் தேய்த்தேன், தூங்கிய பிறகும் தேய்த்தேன். இத்தனை வருடம் அவனிடம் சொன்னதில்லை, இப்போது மைக்கில் சொல்லிவிட்டேன். முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். சிரிக்கிறானா முறைக்கிறானா என்று இந்த லைட் வெளிச்சத்தில் எனக்குத் தெரியவில்லை.