கொத்துவது கைக்குத் தெரிய வேண்டும்

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். ரீல் தூண்டிலுக்கு ஏற்றது மெல்லிய இழைகளைச் சேர்த்துப் பின்னிய பின்னல் நூலா, ஒற்றை இழையான நைலான் நரம்பா? நான் பின்னல் நூலின் பக்கம்.

எதிரணி அண்ணன் சற்றுமுன் சொன்னதற்குக் கூரை அதிரக் கை தட்டினீர்கள். "நரம்பு போட்டவன் வீட்டில் குழம்பு கொதிக்கும், பின்னல் நூல் போட்டவன் கரையில் சிக்கெடுத்துக்கொண்டிருப்பான்" என்றார். அதற்குப் பதில் சொல்லாமல் இறங்கமாட்டேன். முதலில் என் தம்பிக்கு நடந்ததைக் கேளுங்கள்.

தாமிரபரணி கடலில் சேர்கிற புன்னக்காயல். விடிகாலை, நீர் வற்றத் தொடங்கிய நேரம். தம்பி முந்தின நாள்தான் 150 மீட்டர் பின்னல் நூல் வாங்கி, ரீலில் நூல் சுற்றும் உருளை இருக்கிறதே, அந்த வெறும் ஸ்பூலில் கட்டிச் சுற்றியிருந்தான். மூன்றாவது வீச்சிலேயே கொடுவா எடுத்தது. செவுள் விரியத் துள்ளித் தலையை உதறியதை நானே பார்த்தேன். தம்பி கைப்பிடியைச் சுற்றுகிறான், மீன் வரவில்லை. ஸ்பூல் சுழலாமல் பிடிக்கிற பிரேக்கான டிராக்கை இறுக்கினான், மீன் வரவில்லை. இனி இறுக்க இடமில்லை என்கிற வரை இறுக்கினான். மீன் அதுபாட்டுக்குக் கடலைப் பார்த்துப் போகிறது! பதறிப்போய் நூலைக் கையால் பிடித்துவிட்டான். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். சுட்டுவிரல் மடிப்பில் கத்தி வைத்ததுபோல் கிழித்துவிட்டது. மீனும் போனது, முள்ளும் போனது.

இப்போது அந்த ரீலை என்னோடு கிட்டே வந்து பாருங்கள். ஸ்பூல் அசையாமல் நிற்கிறது. அதன்மேல் இருந்த நூல் மட்டும் மொத்தமாக, மெலிந்த கையில் கிடக்கும் வளையலைப்போல, தனியே சுழல்கிறது. அந்த இழை பாலிஎதிலீன். வழவழப்பானது, நீளாது, ஸ்பூலைக் கவ்வாது. அடியில் பத்துச் சுற்று நைலான் நரம்பு சுற்றி, அதன்மேல் பின்னல் நூலை ஏற்றியிருந்தால் அந்தக் கொடுவா கரைக்கு வந்திருக்கும். நூலை விற்ற கடைக்காரர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். பத்துச் சுற்று நரம்பு, அவையோரே! பத்தே சுற்று!

அண்ணன் உடனே கேட்பார்: "அடியிலும் நரம்பு, பாறைக்குப் பயந்து நுனியிலும் நரம்பு, அப்படியானால் ஜெயித்தது யார்?" கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்களில், கொட்டலசு என்கிற கூரிய ஓட்டு உயிர் படிந்த இடத்தில் உரசினால் பின்னல் நூல் நரம்பைவிட விரைவில் அறும். ஒப்புக்கொள்கிறேன். நுனியில் ஒரு பாகம், அதாவது இரு கை விரித்த நீளம், நரம்பு கட்டுவது அதற்காகத்தான். நடுவில் இருக்கிற நூற்றுச் சொச்சம் மீட்டருக்காகத்தான் நான் வாதாட வந்திருக்கிறேன். 30 பவுண்டு தாங்கும் பின்னல் நூல் சுமார் 0.28 மில்லிமீட்டர்தான், அதே பலத்துக்கு நைலான் அரை மில்லிமீட்டரைத் தாண்டும். மெல்லிய நூல் காற்றைக் கிழித்துக்கொண்டு தூரம் போகும்.

சரி, சிக்குக்கு வருகிறேன். அண்ணே, சிக்கு நூலில் பிறப்பதில்லை, தளர்ச்சியில் பிறக்கிறது. ஸ்பூலின் விளிம்பு வரை நூலை நிரப்புவது ஒரு தவறு; ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடம் விட வேண்டும். நூலை ஏற்றும்போது ஈரத்துணியால் பிடித்து இறுக்கமாக ஏற்ற வேண்டும். வீசி முடித்ததும் கைப்பிடியைச் சுற்றி, நூலை ஸ்பூலுக்கு வழிநடத்தும் பெயில் கம்பியை மூடுகிறோமே, அங்கேதான் வினை! நூல் தளர்ந்து ஒரு சின்னக் கண்ணியாக ஸ்பூலில் எழுந்து நிற்கும். அடுத்த வீச்சில் அந்தக் கண்ணி இன்னும் பத்துக் கண்ணிகளை இழுத்துக்கொண்டு பறக்கும். பெயிலைக் கையால் மூடுங்கள். நூலை ஒருமுறை இழுத்து இறுக்குங்கள். பிறகு சுற்றுங்கள். இரண்டு நொடி வேலை. எங்கள் அம்மா எனக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சடை பின்னும்போது ஒவ்வொரு பிரியையும் இழுத்து இறுக்கிவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார். அந்தப் பின்னல் சாயங்காலம் வரை அவிழாது. பின்னலைக் குறை சொல்லுமுன் பின்னுகிற கையைப் பாருங்கள், அண்ணே!

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஐயா, இன்னும் ஒரு நிமிடம் கொடுங்கள்.

எங்கள் அப்பா நாற்பது ஆண்டுகள் கைத்தூண்டில் போட்டவர். கோல் கிடையாது, ரீல் கிடையாது. நரம்பு விரலில் ஓடி ஓடி, சுட்டுவிரலில் ஒரு பள்ளமே விழுந்திருக்கும். பக்கவாதம் வந்து வலக்கை போனது. இடக்கையிலும் உணர்ச்சி பாதிதான். கரையில் நாற்காலி போட்டு, நைலான் நரம்பு சுற்றிய கோலைக் கையில் கொடுத்தோம். மீன் கொத்தும், நைலான் நீண்டு கொடுத்து அந்தக் கொத்தை வழியிலேயே விழுங்கிவிடும், அப்பாவுக்குத் தெரியாது. இரை போய் வெறும் முள் வரும். மூன்று நாள் பார்த்தார். நான்காம் நாள் வரமாட்டேன் என்றுவிட்டார்.

தம்பி, அந்தக் கட்டுப்போட்ட விரலோடு, தன் பின்னல் நூலை அப்பாவின் ரீலில் ஏற்றினான். இந்த முறை அடியில் நரம்பு சுற்றித்தான் ஏற்றினான். கெஞ்சி அழைத்துப் போனோம். நூலை எடுத்து அவருடைய இடக்கைச் சுட்டுவிரலில் நானே சாய்த்து வைத்தேன். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்த விரல் லேசாக நிமிர்ந்தது. அப்பா என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்தார்.

"கொத்துகிறது அம்மா" என்றார். "எனக்குத் தெரிகிறது."